முதல் கப்பல் பயணம்: டிக்கெட்டுக்கு மேலே எவ்வளவு?

கப்பல் என்று சொன்னால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘ரஜூலா’தான். 1926-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், 1973 வரை சென்னை, நாகப்பட்டினம் துறைகளுக்கும் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் துறைகளுக்கும் இடையே ஓடியது. தகரப் பெட்டியும் சுருட்டிய பாயுமாக நம்மவர்கள் அதன் தட்டில் இடம் பிடித்து வந்தார்கள். குடியேற்ற நிதிச் செலவில் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளிக்குக் கப்பல் கட்டணம் இல்லை. அந்த உதவிப் பயணத்தை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. ரஜூலாவுக்குப் பிறகு ‘எம்.வி. சிதம்பரம்’ ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அதன்பின் அந்த வழியில் வாடிக்கையான பயணிகள் கப்பல் ஓடவில்லை.

அந்தப் பெரியவர்களின் பேரன் பேத்திகள் இன்று கப்பலேற ஆசைப்படுகிறார்கள். இது பிழைப்பைத் தேடிப் போகும் பயணமில்லை. பள்ளி விடுமுறைக்குப் போகும் உல்லாசப் பயணம். நீச்சல் குளமும் நாடக அரங்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கூடமும் உள்ள கப்பல்கள் கிள்ளான் துறைமுகத்திற்கும் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் வந்து போகின்றன. பிள்ளைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் பாத்திரங்களை வைத்தே நடத்தப்படும் கப்பல்கூட சிங்கப்பூருக்கு வந்திருக்கிறது.

ஆசை நல்லதுதான். ஆனால் விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட விலை டிக்கெட்டின் விலை மட்டுமே. அதற்கு மேல் வரும் செலவு எவ்வளவு, அதில் எதைக் கட்டியே ஆக வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை வீட்டிலேயே தாளில் எழுதி முடிவு செய்துவிட்டுப் போகிறவர்தான் நிம்மதியாகத் திரும்புவார். கப்பலில் ஏறிய பிறகு முடிவு செய்யலாம் என்று போகிறவருக்குக் கணக்குச் சீட்டு கடைசி நாள் காலையில்தான் கைக்கு வரும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்

பீடோர் வட்டாரத்தில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அம்மா தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வீட்டில் அறுபதைத் தாண்டிய பாட்டியும், பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூன்று இரவுப் பயணம்.

முதலில் கடப்பிதழ். 2025 கட்டணப்படி ஐந்தாண்டுக் கடப்பிதழுக்குப் பெரியவர்களுக்கு 200 வெள்ளி. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கும், 60 வயதைக் கடந்தவர்களுக்கும் 100 வெள்ளி. ஆக அப்பா அம்மாவுக்கு 400, பாட்டிக்கு 100, பிள்ளைகளுக்கு 200. மொத்தம் 700 வெள்ளி.

அடுத்தது சேவைப் பணம். நம்மூர் உணவுக்கடையில் மீதிச் சில்லறையை மேசையில் வைத்துவிட்டு வருவது போன்றதன்று இது. பல கப்பல் நிறுவனங்கள் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் தாமாகவே எழுதிக்கொள்கின்றன. அண்மைய ஆண்டுகளில் பெரிய நிறுவனங்களில் இது 16 அமெரிக்க டாலரிலிருந்து 20 டாலர் வரை இருக்கிறது. பிள்ளைகளுக்கும் சேர்த்தே பெரும்பாலும் எழுதுவார்கள். 16 டாலர் என்றே கொண்டாலும், ஐந்து பேருக்கு மூன்று இரவுக்கு 240 டாலர். ஒரு டாலரை நான்கு வெள்ளி என்று கணக்குக்காக வைத்தால் 960 வெள்ளி.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 1,660 வெள்ளி. டிக்கெட்டை இன்னும் தொடவே இல்லை! 2025 முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு தொழிலாளியின் ஒரு மாத உழைப்பு ஏறத்தாழ முழுதும் இந்த இரண்டுக்கே போய்விடுகிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. முன்னதாகத் தெரிந்திருந்தால் மாதாமாதம் சிறுகச் சிறுகச் சேர்த்துவிடக் கூடிய தொகைதான் இது.

பாட்டியின் பத்திரம் முதலில்

டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே குடும்பத்தில் ஒவ்வொருவரின் பத்திரங்களையும் எடுத்து மேசைமேல் பரப்புங்கள். கடப்பிதழ் இருந்தால், பயண நாளிலிருந்து இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாகுமா என்று பாருங்கள். பிள்ளைகளுக்குப் புதிதாக எடுப்பதென்றால் பிறப்புப் பத்திரத்தோடு பெற்றோர் உடன்போக வேண்டும். ஈப்போவிலுள்ள குடிநுழைவுத் துறை அலுவலகத்தில் இதை முடித்துக்கொள்ளலாம். பள்ளி விடுமுறை நெருங்கினால் அங்கே கூட்டம் கூடும். ஆகவே விடுமுறைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே போய்விடுங்கள்.

நம் தோட்டக் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பாட்டியிடம் இருப்பது நீல அடையாள அட்டையா, சிவப்பு அடையாள அட்டையா? இந்த மண்ணில் ஐம்பது, அறுபது ஆண்டு பால் மரம் சீவியவர்களில் இன்னும் சிவப்பு அட்டையோடு இருப்பவர்கள் உண்டு. அவர்கள் நிரந்தரக் குடியிருப்பாளர்களே தவிர குடிமக்கள் அல்லர். அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. வேறு நாட்டுக் கடப்பிதழும் இல்லாதவர்கள் பயணம் செய்ய வேண்டுமானால், அடையாளச் சான்றிதழ் போன்ற தனிப் பயணப் பத்திரத்திற்குக் குடிநுழைவுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். திரும்பி நுழைவதற்கான அனுமதியும், போகும் நாட்டின் விசாவும் தேவைப்படலாம். இதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

துறைமுகத்து வாசலில் வந்து நிற்கும்போது பாட்டியை மட்டும் திருப்பி அனுப்பினால் அந்த வேதனையை எந்தப் பணமும் ஈடு செய்யாது. பாட்டிக்குப் பத்திரம் கிடைக்காது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் திட்டத்தை மாற்றுங்கள். கோலப் பெர்லிசிலிருந்தோ கோலக் கெடாவிலிருந்தோ லங்காவிக்குப் பெரி ஏறலாம். அது உள்நாட்டுப் பயணம்; அடையாள அட்டை போதும். அலையும் உண்டு, காற்றும் உண்டு, பாட்டியும் பக்கத்தில் இருப்பார்.

எந்தத் துறைமுகம் நமக்கு வசதி?

பீடோரிலிருந்து பார்த்தால் மூன்று வழி இருக்கிறது.

பினாங்கு என்றால் ஜோர்ஜ் டவுனில் சுவெட்டன்ஹாம் துறைமேடை. தாப்பா ரோட் நிலையத்தில் நிற்கும் ஈ.டி.எஸ். ரயிலைப் பிடித்தால் பட்டர்வொர்த் போய், பெரி ஏறி அக்கரை சேரலாம். துறைமேடை பட்டணத்தின் நடுவிலேயே இருப்பதால் டாக்சிச் செலவு மிகக் குறைவு.

கிள்ளான் துறைமுகம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். கொமூட்டர் ரயில் போய் நிற்கும் போர்ட் கிள்ளான் நிலையத்திற்குப் பக்கத்தில் உல்லாசக் கப்பல் முனையம் இல்லை. அது இண்டா தீவில் இருக்கிறது. ரயிலில் போகிறவர்கள் அங்கிருந்து வாடகை வண்டி பிடித்தாக வேண்டும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஒரே காரில் அடங்காது. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து பீடோரிலிருந்தே ஒரு வேன் பேசிக்கொண்டால் மலிவாக முடியும்.

சிங்கப்பூர் என்றால் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ஜொகூர்ப் பாலத்தில் விடுமுறை நாட்களில் நெரிசல் எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கும்போதே பதிவு முகப்பை மூடிவிடுவார்கள். ஆகவே முதல் நாளே போய்த் தங்க வேண்டும். அந்த ஓர் இரவு ஓட்டல் வாடகையும் மேற்செலவில் சேரும். சிங்கப்பூருக்குள் நுழைய வருகை அட்டையை மூன்று நாளுக்குள் கைப்பேசியிலோ கணினியிலோ நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையப் பக்கம் எதுவாயினும் அது அரசாங்கத்தினுடையதன்று.

பிள்ளைகளின் கனவுக் கப்பல்

‘டிஸ்னி அட்வெஞ்சர்’ என்ற கப்பலைப் பற்றிப் பிள்ளைகள் கேட்காமல் இருக்கமாட்டார்கள். மிக்கி எலியும் இளவரசிகளும் நடமாடும் இந்தக் கப்பலுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் நாட்டுக் கெந்திங் குடும்பத்தைச் சேர்ந்த கெந்திங் ஹாங்காங் நிறுவனம்தான் இதை ஜெர்மனியில் கட்டத் தொடங்கியது. 2022-இல் அந்நிறுவனம் நொடித்துப்போகவே கப்பல் பாதியில் நின்றது. அதே ஆண்டில் டிஸ்னி அதை வாங்கியது. சிங்கப்பூரிலிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணங்களாக, வேறு துறை எதிலும் நிற்காமல் கடலிலேயே சுற்றி வரும் கப்பலாக அறிவிக்கப்பட்டது. 2025 டிசம்பரில் தொடங்க வேண்டிய முதற்பயணம் 2026 மார்ச் மாதத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. கப்பல் தேதி மாறலாம். நிறுவனமே நொடித்தும் போகலாம். ஆகவே ஓட்டல், பேருந்து டிக்கெட்டுகளைத் தேதி மாற்றக் கூடிய வகையில் எடுங்கள். பயணக் காப்புறுதி எடுங்கள். மருத்துவச் செலவும் பயணம் ரத்தாவதும் அதில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் அரசாங்கக் கிளினிக்கைப் போல ஒரு வெள்ளிக்குப் பார்க்கமாட்டார்.

டிக்கெட்டில் அடங்குவது எது?

பொதுவாக அறை, பெரிய உணவுக்கூடத்தில் மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், மாலை நிகழ்ச்சிகள் ஆகியவை டிக்கெட்டில் அடங்கும். பிள்ளைகள் விளையாட்டுக் கூடமும் பெரும்பாலும் அடங்கும். அங்கே மூன்று வயது நிரம்பி, தானாகக் கழிப்பறை போகத் தெரிந்த பிள்ளைகளையே சேர்ப்பார்கள். அதற்கும் சிறிய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் இருந்தால் மணிக்கணக்கில் பணம் வாங்குவார்கள். ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைகளையும், 24-ஆம் வாரத்தை எட்டிவிட்ட கர்ப்பிணிகளையும் பல நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை.

அறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குடும்ப அறை என்றால் பெரும்பாலும் நான்கு படுக்கைதான். சுவரிலிருந்து இறங்கும் மேல் படுக்கையையும் சேர்த்தே நான்கு. ஐந்தாவது ஆளுக்கு இன்னோர் அறை எடுக்க நேரிடும். டிக்கெட் விலை கேட்கும்போதே “நாங்கள் ஐந்து பேர், எத்தனை அறை வேண்டும்?” என்று கேளுங்கள். இரண்டு அறை என்றால் பக்கத்துப் பக்கத்து அறையாக, உள்ளே கதவு உள்ளதாகக் கேளுங்கள். பாட்டிக்கு மேல் படுக்கை ஆகாது; மின்தூக்கிக்குப் பக்கத்து அறை நல்லது. சன்னல் இல்லாத உள்ளறைதான் விலை குறைவு. பகலெல்லாம் வெளியேதான் இருக்கப் போகிறோம். தூங்குவதற்கு உள்ளறை போதும்.

துறைமுக வரியைத் தனியாகச் சேர்ப்பார்களா என்பதையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேற்செலவில் எதை வாங்கலாம், எதை விடலாம்?

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் “கட்டாயம்”, இரண்டாவதில் “ஆசைக்கு ஒன்று”, மூன்றாவதில் “வேண்டாம்” என்று எழுதுங்கள்.

“கட்டாயம்” என்பதில் கடப்பிதழ், சேவைப் பணம், துறைமுக வரி, காப்புறுதி, துறைமுகத்திற்குப் போய்வரும் செலவு ஆகியவை வரும்.

“ஆசைக்கு ஒன்று” என்பதில் குடும்பம் முழுவதும் சேர்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாத்திர வேடமணிந்தவர்களோடு ஒரு வேளைச் சாப்பாடு, மகளுக்கு இளவரசி ஒப்பனை, தனி உணவகத்தில் ஓர் இரவு விருந்து, குடும்பமாக ஒரு நல்ல புகைப்படம், இவற்றில் ஏதாவது ஒன்று. இப்படிப்பட்டவற்றுக்கு இடம் குறைவு. முன்பதிவு பல நிறுவனங்களில் முழுப் பணத்தையும் கட்டியவருக்குத்தான் திறக்கும். அதிலும் பழைய வாடிக்கையாளருக்கு முதலில் திறந்து, முதன்முறை வருகிறவருக்குக் கடைசியில்தான் திறக்கும். எந்தத் தேதியில் திறக்கிறது என்று ஏஜெண்டிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்து வைத்து, அன்றைக்கே பதிந்துவிடுங்கள். கப்பலில் ஏறிய பிறகு கேட்டால் விலை கூடியிருக்கலாம், இடமும் இல்லாமல் போகலாம். கப்பல் புகைப்படக்காரர் உங்களைப் பத்து இடத்தில் படம் எடுப்பார். எடுப்பதற்குப் பணம் இல்லை, வாங்கினால்தான் பணம். பத்தையும் பார்த்து ஒன்றை வாங்குங்கள்.

“வேண்டாம்” என்பதில் முதலில் வருவது சூதாட்டக் கூடம். டிஸ்னி கப்பல்களில் அது இல்லை. வேறு பல கப்பல்களில் உண்டு. பிள்ளைகளின் விடுமுறைக்கென்று சேர்த்த பணத்திற்கு அங்கே என்ன வேலை? அடுத்தது பானத் திட்டம். ஒரு நாளைக்கு இவ்வளவு கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பார்கள். தண்ணீரும் தேநீரும் உணவுக்கூடத்தில் பொதுவாக இலவசமாகவே கிடைக்கும். பிள்ளைகள் இரண்டு குளிர்பானம் கேட்டால் தனியாக வாங்கிக் கொடுப்பதே மலிவு. கப்பலில் பானமோ தனி உணவோ வாங்கினால் விலைக்கு மேல் 18 விழுக்காடு சேவைப் பணம் சேர்க்கும் நிறுவனங்களும் உண்டு என்பதை மறவாதீர்கள்.

வைஃபை இன்னொரு பெரிய ஓட்டை. கரையை விட்டு விலகியதும் கைப்பேசி தானாகவே கடல்வழித் தொடர்பைப் பிடித்துக்கொள்ளும். அதன் கட்டணம் நம்மூர்க் கட்டணமன்று. ஏறியவுடன் எல்லாருடைய கைப்பேசியையும் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். பிள்ளைகள் கையில் இருப்பதையும் வாங்கிப் பாருங்கள்.

கரையில் இறங்கும் நாள்

வழியில் புக்கெட் போன்ற துறையில் கப்பல் நின்றால் கரைச் சுற்றுலாவைக் கப்பலிலேயே விற்பார்கள். அது விலை கூடுதல்தான். ஆனால் அவர்களுடைய பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாக வண்டி பிடித்துச் சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தால் காத்திருக்காது. சில துறைகளில் கப்பல் கரையைத் தொடாமல் நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகில் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு அது சரிப்படுமா என்று யோசியுங்கள். புதிய நாட்டில், மொழி தெரியாத இடத்தில், வயதானவரும் பிள்ளைகளும் உடனிருந்தால் கப்பலின் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் பணம் வீணன்று.

பினாங்கில் கப்பல் நின்றால் சுற்றுலாவுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பேராக்காரர்களுக்குப் பினாங்கைச் சுற்றிக் காட்ட இன்னொருவர் எதற்கு? துறைமேடையிலிருந்து நடந்தே குயீன் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம். பக்கத்திலேயே லிட்டில் இந்தியா. பினாங்கிற்கு வேனில் போகிறவர்கள் பாலத்தைக் கடக்கும்போது தெற்கே தெரியும் ஜெரெஜாக் தீவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கப்பலில் வந்த நம் மூதாதையரைத் தொற்றுநோய்க்குப் பயந்து தடுத்து வைத்துப் பார்த்த இடம் அது. அதைக் காட்டக் காசு வேண்டியதில்லை.

பெட்டியில் எதை வைக்கக்கூடாது?

சூடம், ஊதுவத்தி, மெழுகுவத்தி எதுவும் கூடாது. மின் கேத்தல், சோற்றுப் பானை, இஸ்திரிப் பெட்டியும் கூடாது. கடலில் தீ என்றால் ஓட இடமில்லை. சிதம்பரம் கப்பலுக்கு நேர்ந்ததை நம் தலைமுறை மறக்கக் கூடாது. வீட்டில் சமைத்த சோறு குழம்பையும் விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, மூடிய பிஸ்கட், முறுக்குப் பொட்டலங்களைப் பொதுவாக விடுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர், மாட்டிறைச்சி உண்ணாதவர் யார் யார் என்பதை முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வேட இரவு என்று ஒன்று இருந்தால் கப்பல் கடையில் உடை வாங்காதீர்கள். பீடோர்க் கடைத்தெருவில் துணி வாங்கி, தையல் தெரிந்த அக்காவிடம் கொடுத்தால் சிறிது செலவில் முடிந்துவிடும்.

கப்பலிலும் பெரட்டு உண்டு என்பதைச் சொன்னால் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் சிரிப்பார்கள். உண்மைதான். பயணம் தொடங்கும்போது உயிர்காப்புப் பயிற்சிக்கு ஒவ்வொருவரும் தங்களுக்குக் குறித்த இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அனைத்துலக விதி. பிள்ளைகளை அழைத்துப் போய் அந்த இடத்தைக் காட்டி, வழியை மனத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

கணக்கு ஏறுவது தெரியாது

கப்பலுக்குள் காசு புழங்காது. ஓர் அட்டை கொடுப்பார்கள். எதை வாங்கினாலும் அதைத் தொட்டால் போதும். கையிலிருந்து நோட்டு போகாததால் மனத்திலும் உறைக்காது. பிள்ளைகளின் அட்டையில் வாங்கும் வசதியை முதல் நாளே நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வோர் இரவும் முகப்பில் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் அன்றைக்கே சொன்னால் திருத்துவார்கள். வங்கி அட்டையைக் கொடுத்தால் செலவுக்கு முன்கூட்டியே ஒரு தொகையை முடக்கி வைப்பதுண்டு. பயணம் முடிந்தும் அது விடுபடச் சில நாளாகும். மாதக் கடைசியில் வீட்டு வாடகைக்கு வைத்திருக்கும் பணம் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ரொக்கம் முன்கட்டலாமா என்று கேளுங்கள். அளந்து கட்டினால் அளந்துதான் செலவாகும்.

பணம் எங்கிருந்து வரவேண்டும்?

மேற்செலவுக்கு மட்டும் 3,000 வெள்ளி என்று வையுங்கள். 15 மாதம் முன்பே தொடங்கினால் மாதம் 200 வெள்ளி. கணவனும் மனைவியும் ஆளுக்கு 100 வெள்ளி. நம்பிக்கையானவர்களிடம் சீட்டுக் கட்டியும் சேர்க்கலாம். வங்கிக் கணக்கில் தனியாகப் போட்டும் வைக்கலாம். டிக்கெட்டின் மீதிப் பணத்தைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கட்டச் சொல்வார்கள். சேமிப்பை அந்தத் தேதிக்கு முடியும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

ஊழியர் சேமநிதியைத் தொடாதீர்கள். 2024 மே மாதம் முதல் சந்தாவில் 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்கில் சேர்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுக்க வேண்டும் என்பதில்லை. தோட்ட வீடு வேலை இருக்கும் வரைதான் நம்முடையது. ஓய்வு பெறும் நாளில் குடியிருக்க ஓரிடம் தேட உதவப் போவது அந்தச் சேமநிதிதான். தாலிச் சங்கிலியை அடகு வைத்தும், வட்டிக்காரரிடம் கை நீட்டியும் போகும் உல்லாசப் பயணம் திரும்பி வந்தபின் உல்லாசமாக இருக்காது. இந்த ஆண்டு பணம் சேரவில்லையா? அடுத்த ஆண்டும் கப்பல் ஓடும்.

ஏஜெண்டு விஷயத்தில் விழிப்பு

கைப்பேசியில் மட்டும் பேசி, தனியார் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று உரிம எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். ரசீது நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். அதில் அறை வகை, ஆட்களின் எண்ணிக்கை, வரி, சேவைப் பணம், முன்பதிந்த மேற்செலவுகள் எல்லாம் வரிவரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பெயர்கள் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கட்டும். “த/பெ” என்பது ஓரிடத்தில் இருந்து ஓரிடத்தில் விடுபட்டால்கூடத் தொல்லை வரலாம். சொன்னதைச் செய்யவில்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். அங்கே பேசப் போவது உங்கள் கையிலுள்ள அந்த ரசீது. பத்திரமாக வையுங்கள்.

அன்புக்குரிய வாசகர்களே, பிள்ளைகள் கப்பலில் பார்க்கப் போகும் வேடிக்கையெல்லாம் நாளாக ஆக மங்கிவிடும். அப்பாவும் அம்மாவும் பாட்டியும் மூன்று நாள் வேலைக்குப் போகாமல், அடுப்பைப் பார்க்காமல், தங்களோடு உட்கார்ந்து கடலைப் பார்த்தது நிலைக்கும். அதற்கு எந்தக் கப்பலிலும் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு தாளையும் பேனாவையும் எடுங்கள். மூன்று பத்தி போடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குப் போடுங்கள்.